பழைய சீடியும் புதிய கைத்தொலைபேசியும்: வீடியோ பிளேயரைத் தெரிவு செய்தல்

வன்னியில் ஒரு குடும்பத்திடம் இருக்கும் வீடியோக்கள் பல காலத்தவை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 வீதி திறந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய நாட்களில் எடுத்த கலியாணம் வீடியோ சீடியில் இருக்கும். அதற்கு முந்திய சாமத்திய வீடு வி.எச்.எஸ். கசெற்றில் எடுக்கப்பட்டிருக்கும், கசெற் இடம்பெயர்வில் போயிருக்க, வெளிநாட்டில் உள்ள அண்ணனுக்கு அனுப்பிய கொப்பி தப்பிப் பிழைத்து டிவிடியாகத் திரும்பி வந்திருக்கும். 2010ஐ ஒட்டிய காலத்துச் சிறிய கைத்தொலைபேசிகள் எடுத்த மங்கலான 3ஜி.பி. துண்டுகள் மெமரி சிப்பில் கிடக்கும். இன்றைய பிறந்தநாள் வீடியோ ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ வட்ஸ்அப்பில் வந்து சேரும். ஆக, முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்பில் ஒருவர் கணினிக்கோ கைத்தொலைபேசிக்கோ பிளேயர் ஒன்றைத் தெரிவு செய்யும்போது, முப்பது ஆண்டுக் காலத்தில் வெவ்வேறு நுட்பங்களால் எழுதப்பட்ட கோப்புகளை அது திறக்குமா என்பதே முதல் கேள்வி. தோற்றமும் நிறமும் அதற்குப் பின்னர்தான்.

இந்தக் கேள்விக்கு இங்கே தனிக் கனம் உண்டு. போரின் இறுதிக் கட்டமான 2009 இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து வெளியேறியவர்கள் அல்பங்களையும் கசெற்றுகளையும் விட்டுவிட்டே போனார்கள். இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் முல்லைத்தீவு மாவட்டத்தவர்கள் இருந்தனர். இப்படித் திரும்பிய குடும்பங்களில், இறந்துபோன ஒருவரின் முகம் ஒரேயொரு சீடியில் மட்டும் மிஞ்சியிருப்பது அரிதான சங்கதி அல்ல. அந்தச் சீடி கணினியில் ஓடவில்லை என்றால் அது கெட்டுவிட்டது என்று எண்ணி எறிந்துவிடும் ஆபத்து உண்டு. ஆனால் ஓடாத கோப்பு பெரும்பாலும் கெட்ட கோப்பு அல்ல. அதை வாசிக்கத் தெரியாத பிளேயரின் கையில் அது அகப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கோப்புப் பெயரின் இறுதியில் வரும் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்ற எழுத்துகள் கொள்கலனைத்தான் குறிக்கின்றன. யூரியா என்று அச்சடித்த உரப்பைக்குள் நெல் இருப்பதை வன்னியில் எல்லோரும் கண்டிருப்பார்கள். பையின் எழுத்தைப் பார்த்து உள்ளிருப்பதைச் சொல்ல முடியாது. கொள்கலனுக்குள் படம் தனியாகவும் ஒலி தனியாகவும் சில வேளைகளில் வசன வரிகள் தனியாகவும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். இரண்டு எம்.பி.4 கோப்புகளில் ஒன்று ஓடி மற்றது ஓடாமல் போவதற்கும், படம் வந்து சத்தம் வராமல் போவதற்கும், சத்தம் வந்து திரை கறுப்பாக நிற்பதற்கும் காரணம் இதுதான். கொள்கலனைத் திறந்துவிட்ட பிளேயருக்கு உள்ளே இருந்த ஒரு கோடெக் தெரியவில்லை.

சுருக்காமல் வைத்தால் என்ன என்று கேட்கலாம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைற் வீதம் ஆறு மெகாபைற்றுக்கு மேல் வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஒன்பது கிகாபைற்றைத் தாண்டும். ஆகவே கோடெக் இரண்டு உண்மைகளைப் பயன்படுத்துகிறது. அடுத்தடுத்த படங்களுக்கு இடையே பெரும்பகுதி மாறுவதில்லை. மணவறை அப்படியே இருக்க, ஐயரின் கை மட்டும் அசைகிறது. ஆகவே சில படங்கள் முழுமையாகவும், இடையில் வருபவை முன்பின் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பாகவும் எழுதப்படுகின்றன. அடுத்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுண்விவரங்கள் ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் கழிக்கப்படுகின்றன. வீடியோவின் நடுவே ஓரிடத்துக்குத் தாவும்போது ஒரு கணம் படம் சிதறித் தெளிவதும், பழைய சீடியில் வேகமான அசைவு வரும்போது திரை கட்டங்கட்டமாக உடைவதும் இந்த இரண்டின் அடையாளங்களே.

வீடியோ சீடியில் உள்ள முறை எம்பெக்-1. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். வீடியோவின் வேகம் விநாடிக்கு சுமார் 1150 கிலோபிற். 74 நிமிடம்தான் ஒரு இறுவட்டில் அடங்கும் என்பதால் ஒரு கலியாணம் இரண்டு மூன்று சீடிகளாக வந்தது. பின்னர் வந்த டிவிடியில் எம்பெக்-2. 2003 இல் வெளியான எச்.264 கைத்தொலைபேசி முதல் இணையம் வரை எங்கும் பரவியது. 2013 இன் எச்.265, அதே தரத்தை ஏறக்குறைய அரைவாசி அளவில் தர முயல்கிறது. 2018 இல் வந்த ஏ.வி.1 உரிமக் கட்டணம் இல்லாத முறையாக வடிவமைக்கப்பட்டது.

இவ்வளவையும் பிளேயர்கள் இரண்டு விதமாகச் சமாளிக்கின்றன. ஒரு வகை, கோடெக்குகளுக்காக இயங்குதளத்தை நம்பியிருக்கிறது. விண்டோசுடன் வரும் பிளேயர் இந்த வகை. மைக்ரோசொஃப்ட் எதைச் சேர்த்ததோ அதுதான் ஓடும். விண்டோஸ் 8 வந்தபோது டிவிடியை ஓட்டும் வசதி அதிலிருந்து நீக்கப்பட்டது, எச்.265க்கான நீட்சியை ஒரு டொலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொகை சிறியதுதான். ஆனால் சர்வதேசக் கடன் அட்டை இல்லாத ஒருவருக்கு அது கடக்க முடியாத வேலி. முன்பு இந்தக் குறையை நிரப்பக் கோடெக் பொதிகளைத் தேடி நிறுவுவார்கள். ஒன்றோடொன்று மோதும் பல கோடெக்குகள் ஒரே கணினியில் சேர்ந்து, நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகும். அந்த வழியை இன்று யாருக்கும் பரிந்துரைக்கத் தேவையில்லை.

மற்ற வகைப் பிளேயர் தேவையான கோடெக்குகளைத் தன்னோடே சுமந்து வருகிறது. இதில் மிகப் பரவலானது வி.எல்.சி. பாரிஸ் நகரை அடுத்த எக்கோல் சென்ட்ரால் என்ற பொறியியற் கல்லூரியில் 1996 இல் மாணவர் திட்டமாக அது தொடங்கியது. விடுதியின் மெதுவான வலையமைப்பை மாற்ற வேண்டும் என்பது மாணவர்களின் விருப்பம். வலையமைப்பு வழியே வீடியோ அனுப்பிக் காட்டும் திட்டம் அதற்கு ஒரு நியாயமாக அமைந்தது. அவர்கள் சேர்த்து வைத்திருந்த வீதிக் கூம்புகளில் ஒன்றே இன்றுவரை அதன் சின்னம். 2001 பெப்ரவரி 1 அன்று அது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. இன்று வீடியோலான் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. விளம்பரம் கிடையாது, பயனரைப் பற்றிய தகவல் சேகரிப்பும் கிடையாது. வலையமைப்பு வழியே வந்து சேரும் குறைபட்ட தரவை வாசிக்கவே பிறந்த மென்பொருள் என்பதால், அரைகுறையாகச் சேதமான கோப்பையும் விடாமல் ஓட்ட முயலும் குணம் அதில் ஊறியிருக்கிறது. கீறல் விழுந்த சீடிகளின் ஊருக்கு இந்தக் குணம் மிகப் பெரிய உதவி.

வி.எல்.சி. உட்படப் பல பிளேயர்களின் உள்ளே உழைப்பது எஃப்.எஃப்.எம்பெக் என்ற திட்டத்தின் கோடெக் நூலகம். ஃபப்ரீஸ் பெலார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000 இல் தொடங்கிய அந்தத் திட்டம், உலகில் புழங்கிய ஏறக்குறைய எல்லா வீடியோ, ஒலி முறைகளையும் வாசிக்கக் கற்றிருக்கிறது. ஆகவே அதைப் பயன்படுத்தும் பிளேயர்களுக்கு இடையே எதைத் திறக்கும் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. பழைய, வேகம் குறைந்த விண்டோஸ் கணினிக்கு எம்.பி.சி.-எச்.சி. இலேசானது. எம்.பி.வி. மிகக் குறைந்த பொத்தான்களோடு மிகச் சீரான படத்தைத் தருகிறது. விசைப்பலகையால் எல்லாவற்றையும் செய்யப் பழகியவருக்கு அது பிடிக்கும். வீட்டில் எல்லோரும் தொடும் கணினிக்கு வி.எல்.சி. போதும்.

வீடியோ சீடியைக் கணினியில் இட்டால் பல உறைகள் தெரியும். எம்பெகாவ் என்ற பெயருள்ள உறைக்குள் டி.ஏ.டி. என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். அதுதான் படம். இரட்டைச் சொடுக்கினால் எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும். பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். அதை வி.எல்.சி.யின் மேல் இழுத்துப் போட்டால் ஓடும். முதலில் பார்க்காமல் கணினிக்குக் கொப்பி எடுத்துவிடுவதே நல்லது, ஏனெனில் இருபது ஆண்டு கடந்த எழுதத்தக்க இறுவட்டின் சாயப்படலம் மங்கிக்கொண்டு போகிறது. கொப்பி பாதியில் நின்றால், மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, இன்னொரு கணினியின் இறுவட்டுச் செலுத்தியில் முயல வேண்டும். ஒரு செலுத்தி வாசிக்க மறுத்ததை இன்னொன்று வாசிப்பது வழமை.

டிவிடியில் சிக்கல் வேறு. பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒரு படத்தின் ஒற்றை வரிகளை முதலிலும் இரட்டை வரிகளை அடுத்தும் வரைந்தது. அந்தக் காலத்துக் கமராக்களும் அப்படியே பதிந்தன. கணினித் திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது, அசையும் கைகளின் ஓரம் சீப்புப் பற்கள்போல் கோடுகோடாகத் தெரியும். வி.எல்.சி.யில் டி விசையை அழுத்தினால் வரிகளை இணைத்துச் சீராக்கும் வடிகட்டி வேலை செய்யத் தொடங்கும். முகங்கள் ஒடுங்கியோ அகன்றோ தெரிந்தால் பட விகிதத்தை 4:3 ஆக்கினால் சரியாகிவிடும், ஏனெனில் டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல.

இவற்றைவிடப் பெறுமதியான இரண்டு விசைகள் உண்டு. ஈ விசை வீடியோவை நிறுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்துகிறது. ஷிஃப்ட்டுடன் எஸ் விசை, திரையில் நிற்கும் படத்தைப் புகைப்படமாகச் சேமிக்கிறது. தாய் தகப்பனின் புகைப்படம் ஒன்றும் மிஞ்சாத பிள்ளைகளுக்கு, யாரோ ஒருவரின் கலியாண வீடியோவில் பந்தியில் இருக்கும் சில விநாடிகளே அவர்களின் முகம். ஆறுதலாக ஒவ்வொரு படமாக நகர்த்தினால், அசைவு குறைந்து முகம் தெளிந்து நிற்கும் ஒரு படம் அகப்படும். வீடியோ சீடியின் முழுத் திரையிலும் ஒரு லட்சம் புள்ளிகள்தான் இருப்பதால் பெரிதாக்கும்போது எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்கள் தலைகாட்டும். சிறிதாக அச்சிட்டால் முகம் முகமாகவே இருக்கும். இப்படி எடுக்கும்போது கைத்தொலைபேசியால் கணினித் திரையைப் படம் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். அதில் இருக்கும் கொஞ்ச விவரமும் போய்விடும்.

புதிய கோப்புகளின் சிக்கல் நேர்மாறானது. 2017 முதல் ஐபோன்கள் எச்.265 முறையில் பதியத் தொடங்கின. வெளிநாட்டு உறவினர் மூலக் கோப்பாக அனுப்பும் வீடியோ அழகாக இருக்கும். பழைய மடிக்கணினியிலோ திணறித் திணறி ஓடும். எச்.265 ஐ விரிக்கக் கணக்கு அதிகம். அந்தக் கணக்கைச் செய்யவென்றே தனிச் சுற்று, இன்டெல் செயலிகளில் 2015 இன் ஆறாம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. அந்தச் சுற்று இல்லாத கணினியில் மையச் செயலி முழு வேகத்தில் உழைக்கிறது, விசிறி இரைகிறது, பற்றரி இறங்குகிறது. நல்ல பிளேயர் அந்தச் சுற்று இருந்தால் தானாகவே அதைப் பயன்படுத்தும். 2018 இல் வந்த வி.எல்.சி. 3.0 முதல் இது இயல்பாகவே நடக்கிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின் நின்ற நாட்களை அனுபவித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். பற்றரியில் ஒரு முழுப் படம் ஓடி முடிவதும் பாதியில் அணைவதும் இதில் தங்கியிருக்கும். கைத்தொலைபேசியிலும் இதே விதிதான்: பிளேயரின் அமைப்பில் வன்பொருள் விரிப்பு இயங்குநிலையில் இருக்க வேண்டும், படம் சிதறினால் மட்டும் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அன்ட்ரொய்டில் வி.எல்.சி.யோடு பரவலாக அறியப்பட்ட இன்னொன்று எம்.எக்ஸ். பிளேயர். தென் கொரியாவில் உருவாகி, 2018 இல் இந்தியாவின் டைம்ஸ் இன்டர்நெற் கைக்கும் 2024 இல் அமேசன் கைக்கும் போன அது, இன்று கோப்புகளை ஓட்டும் கருவி என்பதைவிட இணையவழித் தொடர்களைக் காட்டும் சேவை என்றே சொல்லத்தக்கது. விரலால் ஒலியையும் ஒளியையும் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இன்றும் இதமானது. ஆனால் டேட்டா காட் போட்டுப் பாவிக்கும் ஒருவருக்கு விளம்பரங்கள் இறங்குவது செலவு. தவிர, சினிமாக் கோப்புகளில் வரும் சில ஒலி முறைகளை உரிமக் காரணங்களால் அது கைவிட்டதால், படம் ஓடச் சத்தம் மட்டும் இல்லாமல் போவதுண்டு. தன் கோப்புகளைத் தன் சிப்பிலிருந்து பார்ப்பவருக்கு இணையமே கேட்காத பிளேயர்தான் ஏற்றது.

யூ.எஸ்.பி.யைத் தொலைக்காட்சியில் செருகிப் பார்ப்பவர்கள் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பிளேயரை மாற்ற முடியாது. எனவே அங்கு மட்டும் கோப்பைப் பெட்டிக்கேற்ப அமைக்க வேண்டியிருக்கும்: எம்.பி.4 கொள்கலன், எச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி என்ற சேர்க்கை ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் ஓடும். ஃபட்32 முறையில் வடிவமைத்த யூ.எஸ்.பி. 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது.

தமிழ் வசன வரிகள் ஒரு பிளேயரை நன்றாகச் சோதித்துவிடும். "கொ" என்ற எழுத்தில் ககரத்துக்கு முன் ஒற்றைக் கொம்பும் பின் காலும் வர வேண்டும். யுனிகோட்டில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுவதால், திரையில் எழுதும் மென்பொருள்தான் குறியைப் பிரித்து இரு பக்கமும் வைக்க வேண்டும். இதை அறியாத பிளேயர்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, வாசிப்பவர் தடுமாறினார். எம்.பி.வி.யும் இன்றைய வி.எல்.சி.யும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நூலகத்தைப் பயன்படுத்துவதால் இந்தக் குறை இல்லை. இன்னும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால், வசன வரிக்கான எழுத்துருவை லதா அல்லது நிர்மலா என்று மாற்ற வேண்டும், குறியாக்கம் யு.ரி.எஃப்.-8 ஆக இருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வசனக் கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதை யுனிகோட்டுக்கு மாற்றினால் ஒழிய எந்தப் பிளேயரும் வாசிக்காது.

ஒலிக்கு வந்தால், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையின் குரல் இன்று வட்ஸ்அப் குரற்பதிவுகளாகச் சேர்கிறது. அவை ஒப்பஸ் முறையில் எழுதப்படுகின்றன. 2012 இல் தரப்படுத்தப்பட்ட அந்த முறை பேச்சை மிகச் சிறிய அளவில் தெளிவாக வைத்திருக்கும். பழைய கைத்தொலைபேசிகளின் பதிவுகள் ஏ.எம்.ஆர். முறையில் இருக்கும். பாட்டு மட்டும் கேட்கும் பல பிளேயர்கள் இவை இரண்டையும் பட்டியலிலேயே காட்டுவதில்லை. அம்மம்மா சொன்ன கதையை எழுத்தில் இறக்க விரும்புபவர், குரலின் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் பிளேயரைத் தேட வேண்டும், வி.எல்.சி. அதைச் செய்கிறது. எம்.பி.3 பாட்டுகளைப் பெருந்தொகையாக வைத்திருப்பவருக்கு, 2002 முதல் வெளிவரும் ஃபூபார்2000 ஒழுங்குபடுத்தவும் ஒரே ஒலியளவில் கேட்கவும் வசதியானது.

எந்தப் பிளேயராலும் திறக்க முடியாத கோப்புகளும் இருக்கின்றன. எம்.பி.4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் பதிவு முடியும் தருணத்தில்தான் எழுதப்படுகிறது. பதியும்போது கைத்தொலைபேசி அணைந்தால், படமெல்லாம் உள்ளே இருந்தும் அட்டவணை இல்லாமல் கோப்பு ஊமையாகிவிடும். அதை அழிக்கக் கூடாது. அதே கைத்தொலைபேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை முன்மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் போன்ற இலவச மென்பொருள் அட்டவணையை மீண்டும் கட்டித்தரும். பழைய ஏ.வி.ஐ. கோப்பின் அட்டவணை கெட்டிருந்தால் வி.எல்.சி. தானே அதை உணர்ந்து, தற்காலிகமாகக் கட்டட்டுமா என்று கேட்கும்.

மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். புகழ்பெற்ற பிளேயர்களின் பெயரில் விளம்பர நிரல் கலந்த போலிகள் உலவுகின்றன. உருவாக்கியவர்களின் தளமும் கைத்தொலைபேசியின் அதிகாரபூர்வ அங்காடியும்தான் பாதுகாப்பான இடங்கள். 2022 இல் இந்தியாவில் வீடியோலான் தளம் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தபோது தமிழகத்துப் பயனர்களும் இந்தச் சங்கடத்தில் அகப்பட்டார்கள். சட்ட அறிவித்தலுக்குப் பிறகு அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது.

பிளேயருக்காகக் கோப்பை மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். ஒருமுறை சுருக்கியதை விரித்து மீண்டும் சுருக்கும் ஒவ்வொரு தடவையும் விவரம் குறைகிறது. வட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த வீடியோவைப் பார்த்தாலே இது விளங்கும். தொலைக்காட்சிக்காக மாற்றினாலும் மூலக் கோப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும், சீடியிலிருந்து எடுத்த டி.ஏ.டி. கோப்பு உட்பட. வி.எச்.எஸ். கசெற் கைவசம் இருப்பவர்களுக்கு அவசரம் அதிகம். வி.எச்.எஸ். டெக் செய்த கடைசி நிறுவனமான யப்பானின் ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்தப் படலமும் காலத்தோடு உதிர்கிறது. ஆவணக் காப்பகங்கள் இப்படியான பதிவுகளை விவரம் எதுவும் இழக்காத எஃப்.எஃப்.வி.1 முறையில் எம்.கே.வி. கொள்கலனுக்குள் சேமிக்கின்றன. கோப்பு மிகப் பெரிதாகும், ஆனால் வி.எல்.சி.யே அதை ஓட்டும். 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனம், ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தியதோடு, ஒலி, ஒளிப்பதிவுகளுக்கும் படங்களுக்கும் ஆவணகம் என்ற தளத்தை நடத்துகிறது. ஊர்த் திருவிழா, கூத்து, பள்ளிக்கூட விழா போன்ற பொதுப் பதிவு வைத்திருப்பவர்கள் மூலக் கோப்பின் ஒரு கொப்பியை அங்கே சேர்ப்பிக்கலாம். குடும்பப் பதிவுக்கு இரண்டு வன்தட்டுகள் வேண்டும்: ஒன்று வீட்டில், மற்றது வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம்.